பழைய கடனுக்குப் புதுக் கையெழுத்து வேண்டாம்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் பல பேர் கேட்பதை ஒரே கேள்வியாகத் தொகுத்தால் இப்படி வரும்:

"தாராவியில் தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தேன். தொழில் நொடித்துப்போனது. மும்பை உயர் நீதிமன்றத்தில் திவால் மனு போட்டேன், பிறகு டிஸ்சார்ஜ் ஆர்டரும் வாங்கினேன். வருஷக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. இப்போது ஒரு வசூல் கம்பெனியிலிருந்து தினமும் போன். பழைய கிரெடிட் கார்டு பாக்கியாம், வட்டியோடு அசலைப் போல் ஐந்து மடங்கு சொல்கிறார்கள். 'முழுசாகக் கட்ட வேண்டாம் அண்ணாச்சி, இரண்டாயிரம் ரூபாய் போட்டு இந்த பாரத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், மீதியைப் பேசி முடித்துக்கொள்ளலாம்' என்கிறார் ஏஜென்ட். தொல்லை விட்டால் போதும் என்று இருக்கிறது. கட்டிவிடலாமா?"

கட்டாதீர்கள். கையெழுத்தும் போடாதீர்கள். அந்த இரண்டாயிரத்தை வைத்து ஏஜென்சிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. அதோடு சேர்த்து நீட்டும் அந்த பாரத்துக்குத்தான் விலை அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

நம் நாட்டில் சாதாரணப் பணக் கடனுக்கு வழக்குப் போட, 1963ஆம் ஆண்டு லிமிடேஷன் சட்டப்படி மூன்று வருஷம்தான் கெடு. கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், புரோநோட்டு எல்லாம் இதில் அடங்கும். கெடு தாண்டி வழக்கு வந்தால், நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் நீதிமன்றமே அதைத் தள்ள வேண்டும். ஆனால் கெடு முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் 18ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் மறுபடி முதலிலிருந்து ஓடும். கொஞ்சம் பணம் கட்டி, கட்டியதற்கு உங்கள் கையெழுத்தோடு எழுத்து இருந்தால் 19ஆம் பிரிவின்படியும் அதே கதை. சரி, கெடு முடிந்தே பல வருஷம் ஆகிவிட்டது என்றால்? அப்போது வெறுமனே பணம் கட்டுவதால் கடன் உயிர்பெறாது. ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு ஒன்று உண்டு. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லுபடியாகும் புது ஒப்பந்தம் என்கிறது அது. "செட்டில்மென்ட் பாரம்" என்று நீட்டப்படும் காகிதத்தில் பெரும்பாலும் இருப்பது இதுதான். முதல் வரியில் பாக்கியை ஒப்புக்கொள்கிறீர்கள், இரண்டாவது வரியில் கட்டுவதாக வாக்குக் கொடுக்கிறீர்கள், மூன்றாவது வரிக்குப் போவதற்குள் பேனா கைக்கு வந்துவிடும்.

காசோலைக்கும் இதே எச்சரிக்கைதான். காலாவதியான கடனுக்குக் கொடுத்த காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்ற வழக்கு வருமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொன்னதில்லை. அந்தச் சந்தேகத்தை உங்கள் செலவில் தீர்த்துக்கொள்ள வேண்டாம். போனில் வரும் லிங்கைத் தொட்டு "சம்மதம்" என்று அழுத்துவதையும் ஓடிபி சொல்வதையும் கையெழுத்துப் போடுவதற்குச் சமமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இது எல்லாக் கடனுக்கும் பொதுவான பாதுகாப்பு. திவால் உத்தரவு வாங்கியவருக்கு இதைவிடப் பலமான ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு முன், நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பது தெளிவாக வேண்டும். "ஐ.பி. (திவால் மனு) போட்டாச்சு, கடன் போச்சு" என்று நம்மவர்கள் சொல்வது பாதிகூட உண்மை இல்லை.

மும்பையில் தனிமனிதரின் திவாலுக்கு இன்னமும் 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகரங்கள் திவால் சட்டம்தான் நடப்பில் இருக்கிறது. மும்பை, சென்னை, கொல்கத்தா மூன்று ஊர்களுக்கும் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். 2016இல் புதுத் திவால் சட்டம் வந்தது உண்மை. ஆனால் அதில் தனிமனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகாத, கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்கிற ஏழைக்கு எளிதாக விடுதலை தரும் ஏற்பாடும் அந்தப் புதுச் சட்டத்தில் இருக்கிறது, அச்சில் மட்டும். பழைய சட்டத்தின் வயதைப் புரிந்துகொள்ள ஓர் எண் போதும்: திவாலானவர் தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடிய தொழில் கருவி, துணிமணி, படுக்கை, பாத்திரம் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இன்னும் எழுதியிருக்கிறது. ஒரு தையல் மெஷினின் கால்கூட வராது.

இந்தச் சட்டத்தில் மூன்று படி. மனு போடுவது முதல் படி. கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு போடலாம். நீதிமன்றம் உங்களைத் திவாலானவர் என்று அறிவிப்பது இரண்டாம் படி. அந்த நிமிஷத்திலிருந்து உங்கள் சொத்து, திவால் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரியான உயர் நீதிமன்றத்தின் அபிஷியல் அசைனி கைக்குப் போய்விடும், கடன் கொடுத்தவர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. அடமானம் வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தத் தடை இல்லை, அவர் அடமானப் பொருளை விற்றுக்கொள்ளலாம். மூன்றாம் படி, கடனிலிருந்து விடுவிக்கும் டிஸ்சார்ஜ் ஆர்டர். அதை நீங்கள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. பல பேர் நிற்பது இரண்டாம் படியில்தான். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாமலோ, போன் தொல்லை நின்றுவிட்டதே என்ற நிம்மதியிலோ, டிஸ்சார்ஜுக்கு மனுப் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

அதில் இரண்டு ஆபத்து. குறித்த காலத்தில் டிஸ்சார்ஜ் கேட்காவிட்டால் திவால் அறிவிப்பையே நீதிமன்றம் ரத்து செய்யலாம். ரத்தானால், அறிவித்த நாளிலிருந்து ரத்தான நாள் வரைக்கும் உள்ள காலத்தைக் கழித்துவிட்டுத்தான் கடன் கொடுத்தவரின் கெடுவைக் கணக்குப் போடுவார்கள். செத்துப்போனது என்று நினைத்த கடன் எழுந்து உட்காரும். இரண்டாவது, டிஸ்சார்ஜ் ஆகும் வரைக்கும் உங்கள் கைக்கு வரும் புதுச் சொத்தும் அபிஷியல் அசைனியிடம் போய்ச் சேர வேண்டியதுதான். தாராவி மறுசீரமைப்பில் வீடு வரும் என்று போட்டோ பாஸை பீரோவில் பூட்டி வைத்துக் காத்திருப்பவர், தான் இன்னும் டிஸ்சார்ஜ் ஆகாத திவால் என்றால், முதலில் ஓட வேண்டிய இடம் சர்வே ஆபீஸ் இல்லை, வக்கீல் ஆபீஸ். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிஸ்சார்ஜ் ஆகாதவர் தன் நிலைமையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே அந்தச் சட்டத்தில் சிறைத் தண்டனை உண்டு. 1909இன் ஐம்பது ரூபாய்.

டோம்பிவிலி, கல்யாண், மும்ப்ரா, நவி மும்பை என்று குடிபோனவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கெல்லாம் 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம், மாவட்ட நீதிமன்றம். ஊரில், திருநெல்வேலிப் பக்கம் சப் கோர்ட்டில் ஐ.பி. போட்டுவிட்டு மும்பைக்கு வந்தவர்களுக்கும் அதே 1920 சட்டம்தான். அந்த உத்தரவு இங்கேயும் செல்லும். ஆனால் அந்தச் சட்டத்தில் கெடுவுக்குள் டிஸ்சார்ஜ் கேட்காதவருக்கு ரத்து என்பது இன்னும் கறாராக எழுதப்பட்டிருக்கிறது. ஊர் வக்கீலுக்கு ஒரு போன் போட்டு, கேஸ் நம்பரைச் சொல்லி, என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

நம் கேள்விக்காரர் மூன்றாம் படியைத் தாண்டியவர். அவருக்கு 1909 சட்டத்தின் 45ஆம் பிரிவுதான் கவசம். திவாலில் நிரூபிக்கக்கூடிய எல்லாக் கடனிலிருந்தும் டிஸ்சார்ஜ் ஆர்டர் விடுவிக்கிறது என்கிறது அது. கிரெடிட் கார்டு பாக்கி, தொழிலுக்கு வாங்கிய கடன், தோல் வியாபாரிக்குத் தர வேண்டிய பில், இவை எல்லாம் அதில் வரும். வங்கி அந்தக் கடனை இன்னொரு கம்பெனிக்கு விற்றிருந்தாலும், விற்றவரிடம் இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. விடுபடாதவை சில: அரசுக்குச் சேர வேண்டியது, மோசடி செய்து வாங்கிய கடன், மனைவி மக்களுக்கு நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஜாமீன்தாரரின் நிலைமையை. டிஸ்சார்ஜ் உங்களை மட்டும்தான் விடுவிக்கும். உங்களுக்கு ஜாமீன் போட்ட மச்சானையோ, கூட்டாகக் கையெழுத்திட்ட பங்காளியையோ விடுவிக்காது. கம்பெனி திவாலாகி, வசூலுக்குத் தடைக்காலம் (மொரட்டோரியம்) அறிவிக்கப்பட்டாலும் ஜாமீன் நின்ற தனிமனிதருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு தமிழ்நாட்டுக் கம்பெனியின் வழக்கில்தான், ஸ்டேட் பேங்க் எதிர் ராமகிருஷ்ணன். அதனால் ஏஜென்ட் கூப்பிடுவது உங்களையா, உங்கள் கடனுக்காக உங்கள் மச்சானையா என்று பாருங்கள். மச்சானையென்றால், அவருடைய கெடுவும் அவருடைய காகிதமும் வேறு கணக்கு.

இனி அந்த போன். மணி அடித்ததும் நம் ஆட்கள் செய்யும் தவறு, இரக்கத்தைக் கிளப்பப் பார்ப்பது. "தம்பி, இப்ப ரொம்பக் கஷ்டம், தீபாவளி கழிச்சு ஏதாவது பார்க்கிறேன்" என்பார்கள். எதிர்முனையில் இருப்பவர் அந்தப் பேச்சைக் குறித்துக்கொள்வார், அரை மணியில் வாட்ஸ்அப்பில் "நீங்கள் சொன்னபடி தீபாவளிக்குப் பின் கட்டுவதை உறுதிசெய்யவும்" என்று வரும். நீங்களும் கைகூப்பும் படத்தைப் போட்டு "சரி" என்பீர்கள். எழுத்தில் "சரி" என்பது வழக்கில் என்ன ஆகும் என்று வக்கீல்கள் பிறகு சண்டை போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் அதை அனுப்பாமலே இருந்துவிடலாம்.

பேச வேண்டியது நாலு வாக்கியம். உங்கள் பெயர் என்ன, எந்த ஏஜென்சி, எந்த வங்கிக்காகப் பேசுகிறீர்கள்? இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இதுபற்றி நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள். அவ்வளவுதான், போனை வைத்துவிடுங்கள். உத்தரவு நம்பரை போனில் சொல்ல வேண்டியதில்லை. ஆதார், பான், வங்கிக் கணக்கு எதையும் "சரிபார்க்க" என்று கேட்டால் தராதீர்கள். பழைய கடன் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வங்கிக்கும் சம்பந்தமில்லாமல் வசூல் செய்யும் மோசடிக்காரர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

அடுத்தது கடிதம். வங்கிக்கு ஒன்று, ஏஜென்சிக்கு ஒன்று. ஆங்கிலத்தில் இருப்பது நல்லது, ஒரு பக்கம் போதும். நான் இன்னார். இந்தத் தேதியில், இந்த நம்பர் திவால் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் எனக்கு டிஸ்சார்ஜ் வழங்கியது, நகல் இணைத்திருக்கிறேன். நீங்கள் கேட்கும் தொகை அதற்கு முந்தையது என்றால், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. அப்படி இல்லை என்று கருதினால் மூலக் கடன் ஒப்பந்தம், கடைசியாகப் பணம் கட்டிய தேதியோடு கணக்கு விவரம், கடன் உங்களுக்கு மாற்றப்பட்டதற்கான பத்திரம், ஏஜென்சியை நியமித்த கடிதம் ஆகியவற்றை அனுப்பவும். இந்தக் கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்க வேண்டாம். "எனது கடன்" என்று எங்கும் எழுதாதீர்கள், "நீங்கள் கேட்கும் தொகை" என்றே எழுதுங்கள். ரிஜிஸ்டர் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஆகவே பெற்றுக்கொண்டதற்கான சான்று வரும்படி கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் போட்டு, ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆர்டரே கைவசம் இல்லை, வெள்ளத்தில் போய்விட்டது, வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்பவர்கள் உண்டு. மும்பையில் மழைக்குத் தப்பிய காகிதம் எத்தனை? கவலை வேண்டாம். கேஸ் நம்பரோ, ஆண்டும் பெயருமோ இருந்தால் உயர் நீதிமன்றத்தில் சர்டிஃபைட் காப்பிக்கு விண்ணப்பிக்கலாம். வாங்கும்போது இரண்டு வாங்குங்கள். ஏஜென்ட்டுக்கு எப்போதும் ஜெராக்ஸ்தான்.

வீட்டுக்கே வந்துவிட்டால்? ரிசர்வ் வங்கி இதற்கு விதி வைத்திருக்கிறது. ஏஜென்ட்டிடம் அடையாள அட்டையும், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும், எந்த ஏஜென்சியிடம் உங்கள் கணக்கு போயிருக்கிறது என்பதை வங்கி முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது 2008 ஏப்ரல் சுற்றறிக்கை. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் கூப்பிடக்கூடாது, ஆள் மேல் ஆள் மாற்றி விடாமல் கூப்பிடக்கூடாது, குடும்பத்தாரையும் நண்பரையும் தொல்லை செய்யக்கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது என்பது 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை. குழுக் கடன் எனப்படும் மைக்ரோ ஃபைனான்ஸுக்கு நேரம் இன்னும் குறைவு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு. ஏஜென்ட்டுகள் பயிற்சி முடித்துத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தத் தேர்வை நடத்தும் நிறுவனம் தாராவிக்குப் பக்கத்திலேயே, குர்லாவில்தான் இருக்கிறது. அடியாட்களை வைத்துக் கடன் வசூலிக்கக்கூடாது என்று ஐசிஐசிஐ வங்கி எதிர் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது.

அவமானம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. தாராவி 90 அடி ரோட்டில் ஒரு பெரிய கட்டடத்தில் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினால் எதிர்வீட்டுக்கு மட்டும் கேட்கும். அதே ஆள் உள்ளே கல்லியில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், குழாயடி வரைக்கும் கேட்கும். வசூல்காரருக்கு அது தெரியும், அதனால்தான் நோட்டீஸை உறையில் போடாமல் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு வருவார். வாசலில் நிற்கவைத்தே பேசுங்கள், உள்ளே வா என்று சொல்லக் கடமை இல்லை. மகனோ மகளோ கைபேசியில் படம் எடுக்கட்டும். அட்டையையும் கடிதத்தையும் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதுமே பாதிப் பேர் இறங்கிப் போய்விடுவார்கள்.

கெட்ட வார்த்தை, மிரட்டல், வீட்டுக்குள் நுழைதல் என்றால் அது கடன் விவகாரமில்லை, காவல் நிலைய விவகாரம். 112க்கு அழையுங்கள். பிறகு தாராவி, மாட்டுங்கா, செம்பூர், உங்கள் எல்லை எதுவோ அந்தக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் 351ஆம் பிரிவு மிரட்டலுக்கு. "போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன்" என்று பொய் சொன்னால் 204ஆம் பிரிவும் சேரும். "சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள்" என்று காவலர் சொல்லக்கூடும். பணம் பற்றி நான் பேசவில்லை, மிரட்டல் பற்றிப் பேசுகிறேன் என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லுங்கள்.

வங்கியின் மேல் புகார் என்றால் வரிசை இருக்கிறது. முதலில் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன். 2021 நவம்பரில் எல்லா வங்கிகளுக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடாக ஆக்கிவிட்டார்கள், கட்டணம் இல்லை, வக்கீல் தேவை இல்லை, உதவிக்கு 14448. வங்கிக்கு எழுதாமல் நேராக ஆம்புட்ஸ்மேனுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் பல பேர் சோர்ந்துபோகிறார்கள். வங்கிக்கு எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு: புகார் நிலுவையில் இருக்கும்போது கணக்கை ஏஜென்சிக்குத் தள்ளக்கூடாது என்பதும் 2008 சுற்றறிக்கையிலேயே இருக்கிறது.

இதுவரை சொன்னது வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும். பத்பேடியில் வாங்கிய கடன் என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கூட்டுறவுக் கடன் சங்கங்கள் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சங்கம் நீதிமன்றத்துக்கே போகாமல் 101ஆம் பிரிவில் பதிவாளரிடம் வசூல் சான்றிதழ் வாங்கி, நிலவரி பாக்கி போல ஜப்தி செய்யலாம். அதைவிட முக்கியம், சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையில் உள்ள கடன் தகராறில், அவர் உறுப்பினராக இருப்பது நிற்கும் நாளிலிருந்துதான் கெடுவே ஆரம்பிக்கும் என்கிறது 92ஆம் பிரிவு. ஆகவே பத்பேடிக் கடனுக்கு "மூன்று வருஷம் தாண்டிவிட்டது" என்று சொல்லி உட்கார்ந்திருக்க முடியாது. டிஸ்சார்ஜ் ஆர்டர் இருந்தால் அது வேறு, அதைக் காட்டலாம். அது இல்லாதவர் பத்பேடி நோட்டீஸை அலட்சியம் செய்ய வேண்டாம்.

தண்டல்காரரும் வட்டிக்காரரும் இன்னொரு ரகம். 2014ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வட்டித்தொழில் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவதே குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. கடன் வாங்கியவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் தனிக் குற்றம். புகார் கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளரிடம். ரேஷன் கார்டு, போட்டோ பாஸ், கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலை ஆகியவை அவரிடம் மாட்டியிருந்தால், புகாரில் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். பழைய பம்பாய் மாகாணத்தில் இந்துக்களுக்குள் தம்துபட் என்ற பழைய விதியும் உண்டு: ஒரே நேரத்தில் கேட்கும் வட்டி அசலைத் தாண்டக்கூடாது. நம் சேட்டுகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

தபாலில் ஒரு நாள் லோக் அதாலத் என்று தலைப்புப் போட்ட நோட்டீஸ் வரும். அதில் நீதிமன்ற முத்திரை போல ஒன்று இருக்கும், வீடே கலங்கிப்போகும். வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசத்துக்கு வங்கிகள் அனுப்பும் அழைப்பு அது, பெரும்பாலும். போகவில்லை என்பதற்காக யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். போனால், சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. செத்த கடனுக்கு இதைவிட நல்ல உயிர்த்தண்ணீர் இல்லை. டிஸ்சார்ஜ் ஆர்டர் நகலோடு எழுத்தில் பதில் போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். ஆனால் உண்மையான நீதிமன்ற சம்மன் வந்தால், வழக்கு நம்பரும் ஆஜராக வேண்டிய தேதியும் இருந்தால், கட்டாயம் போக வேண்டும். எந்தக் கவசமும் நீதிபதி முன்னால் காட்டினால்தான் கவசம், வராமல் இருந்தால் ஒருதலைத் தீர்ப்பு ஆகி, அந்த டிகிரிக்குப் பன்னிரண்டு வருஷ ஆயுள் கிடைத்துவிடும். அது உண்மையா போலியா என்று இ-கோர்ட்ஸ் இணையத்தில் வழக்கு நம்பரைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

"அரெஸ்ட் வாரண்ட் ரெடி" என்ற மிரட்டலுக்கு வருவோம். பணக் கடனுக்கு டிகிரி ஆகாமல் பொதுவாகக் கைதில்லை. டிகிரி ஆனாலும், கட்ட முடியாத ஏழ்மைக்காக ஒருவரைச் சிறையில் போட முடியாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்களைப் பண டிகிரிக்காகக் கைதே செய்யக்கூடாது. ஜப்தி என்று பயமுறுத்தினால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவைப் பாருங்கள். சமையல் பாத்திரம், படுக்கை, உடுத்தும் துணி, கைவினைஞரின் கருவி, பி.எஃப். எதிலும் கை வைக்க முடியாது. மதவழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகையையும் ஜப்தி செய்ய முடியாது. "உன் பெண்டாட்டி தாலியைக் கூடக் கழற்றுவேன்" என்று எவனாவது சொன்னால், அது சட்டத்தின் குரல் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்லுங்கள்.

சிபில் விஷயமும் இருக்கிறது. "கட்டினால் சிபிலில் சுத்தமாக்கித் தருகிறோம்" என்பது ஏஜென்ட்டின் கடைசி ஆயுதம். குறைத்துப் பேசி முடித்த கடன் அறிக்கையில் "செட்டில்ட்" என்று விழும், அதை வங்கிகள் நல்ல குறியாக எடுத்துக்கொள்வதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், அதை எடுத்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆன கடன் இன்னும் பாக்கி என்று ஓடிக்கொண்டிருந்தால் ஆர்டர் நகலோடு திருத்தம் கேளுங்கள். 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது.

மகன் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏஜென்ட் அடுத்துக் கூப்பிடப்போவது மகனைத்தான், அதுவும் வேலை செய்யும் இடத்துக்கு. அப்பா கடனை மகன் கட்ட வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கடமை, 2005 செப்டம்பர் 9க்குப் பின் வாங்கிய கடன்களுக்கு இல்லை. அப்பா காலமானால், அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும் வாரிசு பொறுப்பு. மகனிடம் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள். அவரும் "அப்பாவுக்காக நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுத்தில் எதுவும் தரக்கூடாது. கொடுத்தால் அது அவருடைய கடனாகிவிடலாம்.

வக்கீலுக்குச் செலவழிக்க முடியாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமானச் சான்று வேண்டும். உதவி எண் 15100. தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம், செம்பூர் புறநகர் மாவட்டம். எந்த வரிசையில் நிற்பது என்று போவதற்கு முன்பே கேட்டுக்கொண்டு போங்கள், டிஸ்சார்ஜ் ஆர்டர், வந்த நோட்டீஸ்கள், போன் வந்த தேதிக் குறிப்பு மூன்றையும் ஒரே கவரில் வைத்து எடுத்துக்கொண்டு.